பி0302 வந்ததும் காயில் வாங்க ஓடாதீர்கள்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா, அபுதாபி முஸஃபா, துபாய் அல் கூஸ், குவைத் ஷுவைக், தோஹா இண்டஸ்ட்ரியல் ஏரியா என்று வளைகுடாவின் கராஜ்களில் ஸ்பேனர் பிடிக்கும் தமிழ்த் தம்பிகளுக்கு,

இந்த மடல் மிஸ்ஸிங் கோடு பற்றியது. அதிலும் டொயோட்டாவின் பெட்ரோல் ஹைலக்ஸ் பற்றியது. தண்ணீர் கேன், சிமென்ட் மூட்டை, ஏசி அவுட்டோர், வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், மெத்தை என்று எதையும் சுமப்பது அந்த வண்டிதான். அதனால் உங்கள் கராஜுக்கு அது வராத வாரம் இருக்காது. டீசல் பிக்கப்பின் கதை வேறு. அதை இதில் கலக்கவில்லை.

ஸ்கேனர் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. கைப்பேசியோடு புளூடூத்தில் பேசும் இஎல்எம்327 வகை அடாப்டரை டிரைவர்களே வாங்கி வைத்திருக்கிறார்கள். வண்டியை உள்ளே விடும்போதே, "பி0302 காட்டுது, ரெண்டாவது காயில் போச்சு, மாத்திக் கொடுங்க" என்று தீர்ப்போடு வருகிறார்கள். நீங்களும் ஸ்கேனரை மாட்டுகிறீர்கள். அதே எண் வருகிறது. பையன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடுகிறான், காயில் மாறுகிறது, சில வண்டிகளில் மிஸ்ஸிங்கும் போய்விடுகிறது. போய்விடுவதுதான் வினை. அந்தச் சில வண்டிகளை நம்பித்தான் மற்ற வண்டிகளில் காயிலுக்குப் பிறகு பிளக், பிளக்குக்குப் பிறகு இன்ஜெக்டர், அதற்கும் பிறகு ஏதாவதொரு சென்சார் என்று மாற்றிக்கொண்டே போகிறோம். பில்லைக் கட்டுகிறவர் பெரும்பாலும் கம்பெனிக்காரர் இல்லை. ஒரே பிக்கப்பை வைத்துக்கொண்டு, லோடு கிடைத்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு என்று மார்க்கெட் ஓரத்தில் காத்து நிற்கிறவர்.

அந்த எண்ணை ஒருமுறை நிதானமாகப் படிப்போம். முதலில் உள்ள 'பி' என்றால் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பகுதி. அடுத்த 0, எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான கோடு என்பதற்கு அடையாளம். 3 என்பது இக்னிஷன், மிஸ்ஸிங் குடும்பம். கடைசி 02 இரண்டாவது சிலிண்டர். 00 வந்தால் மிஸ்ஸிங் ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது என்று கொள்ள வேண்டும். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் கட்டாயமான ஓபிடி-2 ஏற்பாடு இது. உலகம் முழுக்கப் பரவி இங்கேயும் வந்தது. ஆனால் எந்த நாட்டுச் சந்தைக்கு வந்த வண்டி என்பதைப் பொறுத்துக் கம்ப்யூட்டரின் புரோகிராம் மாறும். எல்லா வண்டியும் எல்லாக் கோடும் போடாது. ஸ்கேனர் சும்மா இருக்கிறதே என்று மிஸ்ஸிங் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

பி0302 என்ற இந்த எண்ணில் காயில் என்ற பேச்சே இல்லை. காயிலைப் பற்றிய கோடு தனியாக இருக்கிறது: பி0351 முதல் பி0354 வரை. டொயோட்டா காயிலில் இக்னைட்டர் உள்ளேயே இருக்கும், நாலு வயர் வரும். ஒரு வயரில் 'பொறி விடு' என்று கம்ப்யூட்டர் கட்டளை அனுப்பும். இன்னொரு வயரில் 'விட்டேன்' என்று பதில் திரும்பும். அந்தப் பதில் வராவிட்டால்தான் பி035 வரிசை விழும். அப்போது காயில், அதன் கனெக்டர், வயரிங் என்று அந்த சர்க்யூட்டைப் பாருங்கள். பி0302 மட்டும் தனியாக வந்திருந்தால் பதில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காயில் அப்போதும் கெட்டிருக்கலாம். உள்ளே எல்லாம் சரியாக நடந்து, பொறி மட்டும் காயிலின் ரப்பர் பூட்டின் கிழிசல் வழியாக வெளியே பாய்ந்துவிடலாம். அது காயிலேதான் என்று சொல்ல அந்த எண் போதாது என்கிறேன், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்கு மிஸ்ஸிங் எப்படித் தெரிகிறது? அது பொறியைப் பார்ப்பதில்லை, பெட்ரோல் எரிவதையும் பார்ப்பதில்லை. முக்கியமாகக் கிராங்க் சென்சாரைத்தான் பார்க்கிறது. 36 பல் இருக்க வேண்டிய வட்டத்தில் இரண்டு பல்லை விட்டுவிட்டு 34 பல் வைத்த தட்டு அந்த சென்சாருக்கு முன்னால் சுற்றுகிறது. பெட்ரோல் ஹைலக்ஸில் வரும் 2.7 லிட்டர் 2டிஆர்-எஃப்இ என்ஜினில் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. கிராங்க் அரைச் சுற்று சுற்றும்போது ஒரு சிலிண்டர் எரிந்து தள்ள வேண்டும். தள்ளும்போதெல்லாம் பற்கள் கொஞ்சம் வேகமாகக் கடக்கும். ஒரு தள்ளல் விழாவிட்டால் அந்த இடத்தில் வேகம் இறங்கும். ஓர் உரலில் நாலு பேர் முறை வைத்து உலக்கை போடும்போது ஒரு குத்து விழாவிட்டால் யாருடைய முறை தவறியது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அவருக்குக் கை வலித்ததா, பூண் கழன்றதா என்பது சத்தத்தில் தெரியாது. கம்ப்யூட்டரும் அந்த அளவுக்குத்தான் சொல்கிறது.

வாதியிலும் மணல் பாதையிலும் ஓடுகிற வண்டியில் இன்னொரு குழப்பம் உண்டு. சக்கரம் குதிக்கும்போது அந்த அதிர்ச்சி கியர்பாக்ஸ் வழியாகக் கிராங்க் வரை போகும். பற்களின் வேகம் ஏறி இறங்கும். சில வண்டிகளின் புரோகிராம் மேடுபள்ளம் என்று புரிந்துகொண்டு கணக்கை நிறுத்திவைக்கும், சிலவற்றில் அந்த வசதி இல்லை. சாலையில் சீராக ஓடுகிற வண்டி பி0300 காட்டினால், "இதற்கு முன் எங்கே ஓட்டினீர்கள்?" என்று கேட்டுவிட்டு பானட்டைத் திறங்கள்.

இனி கை வேலை.

முதல் காரியம், கோடை அழிக்காதீர்கள். எத்தனை பேர் மாட்டியவுடன் 'கிளியர்' அமுக்கிவிட்டு, திரும்ப வருகிறதா பார்ப்போம் என்கிறார்கள்! அந்த ஒரு அமுக்கலில் ஃப்ரீஸ் ஃப்ரேம் போய்விடும். கோடு விழுந்த கணத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, ஃபியூயல் டிரிம் எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டர் எடுத்துவைத்த படம் அது. சாட்சி சொல்ல அதைவிட நல்ல ஆள் கிடையாது. கைப்பேசியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

அந்தப் படத்தில் நான் முதலில் பார்ப்பது லோடும் ஆர்பிஎம்மும். ஐடிலில் விழுந்த மிஸ்ஸிங்கும் ஃபுஜைரா போகும் மலை ஏற்றத்தில் விழுந்த மிஸ்ஸிங்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் குறைவு. ஏற்றத்தில் லோடோடு மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போகிறது, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் என்றால் இன்னும் அதிகம் வேண்டும். பலவீனமான காயிலும் கிழிந்த பூட்டும் ஐடிலில் நல்லபிள்ளையாக இருந்துவிட்டு இங்கேதான் குட்டு உடைபடும். மின்சாரம் சுலபமான வழியைத் தேடிப் பூட்டுக்கு வெளியே பாய்ந்துவிடும். ஆகவே லோடில் மட்டும் ஒரே சிலிண்டர் மிஸ்ஸிங் என்றால் இக்னிஷன் பக்கம் முதலில் போவது நியாயம். கராஜுக்குள் ஐடிலில் வைத்து 'நல்லாத்தான் ஓடுது' என்று அனுப்பிவிட்டால் அவர் அடுத்த ஏற்றத்தில் போன் செய்வார்.

ஐடிலில் மட்டும் வந்து, 2500 ஆர்பிஎம் தூக்கினால் போய்விடுகிறதென்றால் வேக்கம் லீக்கை நினையுங்கள். ஐடிலில் என்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம். அதில் களவாக நுழைகிற காற்றின் பங்கு பெரிது. மிதித்தவுடன் அந்தப் பங்கு சுருங்கிவிடும். இந்த ஊர் வெயிலில் ரப்பர் ஹோஸ்கள் அப்பளமாக நொறுங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிசிவி ஹோஸை அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். கார்ப் கிளீனரைச் சூடான மேனிஃபோல்டில் அடித்து லீக் தேடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தீப்பிடிக்கும். ஸ்மோக் மெஷின் ஒன்று வாங்கித் தரச் சொல்லி அர்பாபை நச்சரியுங்கள், தப்பில்லை.

வேக்கம் லீக்குக்கு நேர்மாறாக, மிதிக்க மிதிக்க ஃபியூயல் டிரிம் பிளஸ்ஸில் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சார் குறைத்துச் சொல்கிறது. டேங்குக்குள் இருக்கும் பம்ப், அதன் ஃபில்டர், தூசி படிந்த ஏர்ஃப்ளோ சென்சார் ஆகிய மூன்றையும் பாருங்கள். தூசிக்காற்று அடித்த வாரத்துக்குப் பிறகு வருகிற வண்டி என்றால் ஏர் ஃபில்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்து அடித்துக் காகிதம் கிழிந்திருக்கும். அந்தக் கிழிசல் வழியே போகிற மணல் சென்சாரோடு நிற்காது. ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும்.

ஃபியூயல் டிரிம் விஷயத்தில் அனுபவம் உள்ளவர்களும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலோடு எரியாத காற்றும் சைலன்ஸருக்குப் போகும். ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். 'ஐயோ, காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்று அது கத்தும். கம்ப்யூட்டர் நம்பி எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டும். டிரிம் பிளஸ்ஸில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் இன்ஜெக்டர் அடைப்பு, பம்ப் வீக் என்று கிளம்பினால் தொலைந்தது. பிளஸ் டிரிம் அங்கே மிஸ்ஸிங்கின் விளைவு. ஒரே சிலிண்டரில் மிஸ்ஸிங்கும் பிளஸ் டிரிமும் சேர்ந்து வந்தால் முதலில் பொறியைச் சந்தேகித்துச் சோதியுங்கள், பிறகு பெட்ரோலுக்குப் போங்கள்.

பொறியைச் சோதிக்கக் காசு செலவில்லாத வழி, இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டாவது காயிலை மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டில். போட்டோ எடுத்தாயிற்று என்பதால் இப்போது கோடை அழிக்கலாம். எந்தச் சூழ்நிலையில் முதலில் கோடு விழுந்ததோ அதே சூழ்நிலையில் ஓட்டுங்கள்: அதே சூடு, அதே லோடு. கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, தைரியமாகக் கடைக்கு ஆளனுப்பலாம். மாறாமல் பி0302 என்றே வந்தால் காயில் தப்பித்தது. அடுத்து பிளக்கை மாற்றிப் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது கோடைக் கூட்டிக்கொண்டு போனது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்.

காயில் சூட்டில் மட்டும் சாகும் வகையும் உண்டு. காலையில் சோதித்தால் உயிரோடு இருக்கும், மதியம் ஏசி போட்டு டிராஃபிக்கில் நின்றால் செத்துவிடும், ஆறினால் பிழைத்துவிடும். ஆகஸ்டு, செப்டம்பர் விடியற்காலையில் கண்ணாடியெல்லாம் வேர்க்கும் ஈரத்தில் மட்டும் உதறுகிற வண்டி என்றால் பூட்டில் வெடிப்பு. என்ஜினை ஓடவிட்டுக் காயில் பக்கம் ஸ்ப்ரே பாட்டிலில் பூத்தூறலாகத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கையைத் தூர வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்தால் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும்.

கழற்றிய பிளக்கை உடனே குப்பையில் போடாமல் படியுங்கள். வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடிழுத்தது போல மேலிருந்து கீழே கறுப்புக் கீற்று இருந்தால் பொறி அந்த வழியாக வழிந்து ஓடியிருக்கிறது. அந்த பிளக்கில் புது காயிலைப் போட்டால் புது பூட்டும் அதே வழியைப் பழகிக்கொள்ளும். பிளக்கையும் பூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரும்பு உடம்புக்கு மேலே பீங்கானைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருப்பதைக் காட்டி 'கம்ப்ரஷன் லீக்' என்று சொல்லி பிளக் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உயர் மின்னழுத்தம் இழுத்து ஒட்டவைத்த எண்ணெய்த் துகள் கறை, கோளாறே இல்லை. பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் வால்வ் கவர் பக்கத்து சீல் போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு காயில் மட்டும் மாற்றினால் புது பூட்டும் ஊறிப்போகும். டூப்ளிகேட் பிளக் எவ்வளவு அச்சு அசலான டப்பாவில் வருகிறதென்று உங்களுக்குத் தெரியும். புது பிளக் போட்ட மறுநாளே மிஸ்ஸிங் என்று வந்தால் புதிது என்பதற்காக அதற்கு விலக்குக் கொடுக்காதீர்கள்.

அந்தக் காலத்துக் கார்புரேட்டர் 22ஆர் என்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லை என்று பார்ப்போம். இந்த என்ஜினிலும் சிலர் ஓடும்போதே காயிலைப் பிடுங்குகிறார்கள். வேண்டாம். பொறி நின்றாலும் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கலாம். அது கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து உள்ளிருக்கும் தேன்கூட்டை உருக்கும். செக் என்ஜின் லைட் சும்மா எரியாமல் விட்டு விட்டு மின்னுவதும் இதைத்தான் எச்சரிக்கிறது. அதற்காகக் கம்ப்யூட்டர் 200 சுற்றுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறது. புகை மட்டும் கெடும் அளவுக்கான லேசான மிஸ்ஸிங் என்றால் 1000 சுற்றுக்கு ஒருமுறை. மின்னுகிற லைட்டோடு லோடு ஏற்றிக்கொண்டு போகாதே என்று டிரைவரிடம் கண்டித்துச் சொல்லுங்கள். காயிலுக்குப் பயந்தவர் கன்வர்ட்டருக்குப் பணம் கட்ட நேரும். சிலிண்டரை நிறுத்திப் பார்க்க வேண்டுமென்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். நீண்ட ஸ்க்ரூடிரைவரை இன்ஜெக்டர்மேல் வைத்துக் காதைக் கொடுத்தால் டிக் டிக் கேட்கும். ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால் மீட்டரில் ஓம் பாருங்கள், இந்த வகை இன்ஜெக்டரில் ஏறக்குறைய 12 வரும்.

பொறியும் பெட்ரோலும் சரி என்றான பிறகும் மிஸ்ஸிங் நிற்கவில்லையென்றால் கம்ப்ரஷன் பார்க்கத் தயங்காதீர்கள். பிளக் நாலையும் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டர் அடியுங்கள். நாலு எண்ணும் ஒன்றுக்கொன்று ஒட்டி வருகின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். இரண்டும் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்து தாழ்ந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். காலை முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் உதறிவிட்டு, வெள்ளை ஆவி விட்டு, பிறகு ஒழுங்காக ஓடுகிற வண்டியும் அதே சாதி. கூலன்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரைத் திறந்தால் துரு நிறத்திலேயே விடை தெரிந்துவிடும். இந்த வண்டிக்கு எத்தனை காயில் மாற்றினாலும் அது கேஸ்கட் பில்லுக்கு முன்பணம்தான்.

இவ்வளவும் செய்ய நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. 'கம்ப்யூட்டர் செக்' என்று எழுதி ஸ்கேனர் மாட்டியதற்குக் காசு வாங்குகிறோம். அதற்குப் பிறகு யோசித்ததற்கும் சோதித்ததற்கும் வாங்குவதில்லை. பார்ட் விற்றால்தான் லாபம் என்று கராஜ் கணக்கு ஓடும்வரை பார்ட் மாற்றுவதுதான் மெக்கானிக்கின் வேலையாக இருக்கும். இதில் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள்: "ஒரு மணி நேரம் சோதிக்கிறேன், அதற்கு இவ்வளவு. என்ன கோளாறு என்று சொல்லிவிட்டுத்தான் பார்ட் வாங்குவேன்." பிக்கப் ஓட்டிப் பிழைக்கிற பட்டாணியரும் மலையாளியும் நம்ம ஊர்க்காரரும் கணக்குத் தெரிந்தவர்கள். பலன் தராத மூன்று பார்ட்டைவிட ஒரு மணி நேரக் கூலி மலிவு என்பது அவர்களுக்கு உங்களைவிட வேகமாகப் புரியும். அர்பாபிடமும் பேசுங்கள். அதே கோளாறோடு திரும்பி வருகிற வண்டி கராஜில் ஒரு வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்பது அவருக்கும் நஷ்டம்தானே. உஸ்தாத் ஒப்புக்கொள்ளமாட்டார் என்கிறீர்களா? இடம் மாற்றும் சோதனையை அவர் கண்ணெதிரே ஒரு தடவை செய்து காட்டுங்கள். கோடு 2-லிருந்து 3-க்குத் தாவுவதைப் பார்த்தால் ஸ்பேனர் பிடித்த எந்தக் கையும் வாதாடாது.

வேலை முடிந்த பிறகு ஒன்று. கோடை அழித்ததும் லைட் அணைந்துவிடும், அதை வைத்துச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. லேசான மிஸ்ஸிங் முதல் ஓட்டத்தில் 'பெண்டிங்' என்று மட்டும் பதிவாகும். அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் லைட் எரியும். பாஸிங் நாளைக்கு என்று அவசரத்தில் கோடை அழித்துக்கொண்டு போகிறவர் முல்கியாவைப் புதுப்பித்துவிடலாம், என்ஜினை ஏமாற்ற முடியாது. ஸ்கேனரில் மோடு 06 திறந்தால், ஆதரிக்கிற வண்டிகளில், ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஸிங் எண்ணிக்கையும் தெரியும். கோடு விழும் அளவுக்கு வராத உதறலும் அங்கே எண்ணாக நிற்கும். டிரைவரிடம் ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போய்வரச் சொல்லுங்கள். வந்ததும் காசு வாங்காமல் இரண்டு நிமிடம் ஸ்கேனர் மாட்டிப் பெண்டிங் பாருங்கள். எந்தச் சிலிண்டரில் என்ன சோதித்தீர்கள், என்ன எண் வந்தது என்று ஜாப் கார்டில் எழுதி, கழற்றிய பழைய பார்ட்டை அதே டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த தடவை வண்டி நின்றால் அது ரஸ் அல் கைமாவிலோ அல் ஐனிலோ வேறொரு தம்பியின் கராஜாக இருக்கும். அவன் முதலில் கேட்கப்போவது அந்தக் கார்டைத்தான்.

அன்புடன்,
உங்களுக்கு மூத்த ஒரு மெக்கானிக்